கருத்தக்கண்ணன் வயல்

அந்த வருசம் பொட்டல்குளம் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. உசிலம்பட்டி ரோட்டுக்குத் தெற்கே இருக்கிற வானம் பார்த்த ஊர்களில் மறுகால் போவதென்றால் சாதாரணமில்லை. கிடாய் வெட்டினார்கள். ஐப்பசிக் கடைசியில் நடவு முடிந்தது. எல்லா வயலிலும் ஐ.ஆர். இருபது. அது பழைய நெல் மாதிரி இல்லை. தண்ணீரும் குப்பையும் மட்டும் கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். யூரியா வேண்டும்.

யூரியாவை யாரும் தேடிப் போகவில்லை. ஜீப்பில் வந்த விவசாய ஆபீசர்கள்தான் ஊர் ஊராகப் பழக்கிவிட்டுப் போனார்கள். முதல் வருசம் சும்மா கொடுத்தார்கள். அடுத்த வருசம் மானிய விலையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் பழகி, வயலுக்கும் பழகிவிட்ட பிறகு, எழுபத்து மூணாம் வருசம், யூரியா இல்லை என்றார்கள். அரபு தேசத்தில் சண்டை, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, அதனால் உரத்துக்கும் தட்டுப்பாடு என்று பேயாண்டியின் டீக்கடை ரேடியோ சொன்னது. எங்கேயோ நடக்கிற சண்டைக்கும் பொட்டல்குளத்துப் பயிருக்கும் என்ன சம்பந்தம் என்று டீ குடித்தவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் பயிர் மஞ்சளாகத்தான் நின்றது.

சர்க்கார் விலைக்கு வருகிற யூரியா சொசைட்டிக்கு மட்டும்தான் வரும். சொசைட்டித் தலைவர் நல்லகாமன். லாரி வருவதை ஊரே பார்க்கும். மறுநாள் போய்க் கேட்டால் "லோடு வரலப்பா" என்பார். அவர் கட்சிக்காரர்களின் வயல்கள் மட்டும் பச்சையாக இருந்தன. மிச்சம் மதுரைக் கடைகளுக்கு ரெட்டை விலைக்குப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கருத்தக்கண்ணனுக்கு ரெண்டு குறுக்கம் நிலம், கண்மாய்க் கரையை ஒட்டி. ஆள் நெட்டை. பேச்சு கம்மி. தினமும் காலையில் வயலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு தோகையைக் கிள்ளிக்கொண்டு வருவான். பெண்டாட்டி மாயக்காளிடம் நீட்டுவான். அவள் வாங்கிப் பார்ப்பாள். நாளுக்கு நாள் மஞ்சள் ஏறிக்கொண்டே வந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருசம், குழந்தை இல்லை. வீட்டில் அவன் ஆத்தா இருளாயியும், கல்யாணமாகாத தம்பி முத்திருளனும் இருந்தார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. நசநசவென்று தூறல். முந்தின நாள் சாயங்காலம் சொசைட்டியின் சரக்குக் கிட்டங்கியில் லாரி வந்து மூடை இறக்கியதை ஊர் பார்த்திருந்தது. அதனால் விடியும் முன்னே ஆட்கள் சாக்கை மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் கம்பங்கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். உச்சிவேளை நெருங்கும்போது நல்லகாமன் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது நம்மூரு லோடு இல்லப்பா. தப்பா எறக்கிட்டாய்ங்க. திருப்பி அனுப்பணும்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிட்டங்கியின் பின்பக்கம் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. யாரோ "பின்னாடி ஏத்துறாய்ங்கடோய்!" என்று கத்தினார்கள். அப்புறம் யார் சொல்லியும் யாரும் நிற்கவில்லை. முன்கதவு பழைய கதவு. ரெண்டு மோதலில் விழுந்தது. உள்ளே மூடைகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. ஆளாளுக்குக் கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தார்கள். நடு அடுக்கு அப்படியே சரிந்தது.

மூடைகளைப் புரட்டிப் போட்டுக் கருத்தக்கண்ணனை வெளியே எடுத்தபோது கண் திறந்திருந்தது. நெஞ்சு அமுங்கியிருந்தது. மாட்டுவண்டியில் படுக்க வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள், உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க. பஸ் வருவதற்குள் போய்விட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது தலைமுடிக்குள்ளிருந்து வெள்ளை மணிகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. எத்தனை குடம் ஊற்றியும் தீரவில்லை. இருளாயி அழவில்லை. விரலால் ஒவ்வொரு மணியாக எடுத்துத் தரையில் போட்டாள்.

எட்டுப் பேர் மேல் கேசு எழுதினார்கள். கதவை உடைத்தது, சர்க்கார் சரக்கைக் கொள்ளையடிக்க வந்தது. செத்தவன் பெயரும் அதில் இருந்தது. மிச்ச ஏழு பேரையும் பிடித்துக்கொண்டு போய் ஜாமீனில் விட்டார்கள். அதில் முத்திருளன் ஒருவன்.

கருமாதி முடிந்த மறுநாள் நல்லகாமன் வீட்டுக்கு வந்தார். முறைக்கு மாயக்காளுக்கு மாமன். சின்ன வயசில் இருளாயி கையால் கூழ் வாங்கிக் குடித்தவர். கூட வந்தவரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். இருளாயி சுளகில் கொள்ளுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாப்பா நல்லகாமா. ஒக்காரு. எம்மகன் ஒக்கார்ற எடம் காலியாத்தான் கெடக்கு."

அவர் உட்காரவில்லை.

"ஆத்தா, நான் வந்தது ஒங்களுக்குப் பிடிக்காது. ஆனா வராம இருக்க முடியல. கேசு பெருசாகுது. ஏழு பேரும் உள்ள போயிருவாய்ங்க. ஒங்க சின்ன மகனும்தான்."

"பெரியவனையும்தான் சேத்து எழுதியிருக்காகளாமே" என்றாள் மாயக்காள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "செத்தவுகள எப்படி மாமா ஜெயில்ல போடுவாக?"

"சட்டப்படி எழுதுறாய்ங்க தாயி. நான் என்ன செய்ய? அதுக்குத்தான் ஒரு வழி கொண்டாந்திருக்கேன். கேளு. கருத்தக்கண்ணன் அன்னைக்கு மூடை எறக்குற கூலிக்கு வந்தான். அடுக்கும்போது சரிஞ்சிருச்சு. கூட்டம் வரல, கதவு ஒடையல. அம்புட்டுத்தான். நீ ரேகை வச்சயின்னா கேசே கெடையாது."

"அவுக மூடை தூக்குற ஆளு இல்லையே மாமா. சொந்தமா வெவசாயம் பண்றவுக."

"ஊருக்குத் தெரியாதா தாயி? காகிதத்துக்கு மட்டும்."

"அன்னைக்கு உள்ள மூடை இருந்துச்சா இல்லையா?"

நல்லகாமன் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இருந்துச்சு" என்றார்.

"அப்பறம் ஏன் இல்லேன்னீக?"

"மேலருந்து சொல்றாக தாயி. இன்னாருக்குக் குடு, இன்னாருக்குக் குடுக்காதன்னு. ஓட்ட ஒரு பக்கம் போட்டுப்புட்டு உரத்த ஒரு பக்கம் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எனக்கு மட்டும் ஆசையா, இப்படி ஒரு பச்சப்புள்ள சாகணும்னு? ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது. அந்தக் கிட்டங்கிக்குள்ள தனியாப் போக முடியல என்னால."

இருளாயி சுளகைத் தட்டினாள். "போகாத. அவன் அங்கதான் இருப்பான்" என்றாள்.

அவர் முகம் செத்துப்போனது.

முத்திருளன் தொழுவத்திலிருந்து வந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. "வேணாம் மதினி. அண்ணனக் கூலியாளாக்க வேணாம். நான் ஜெயிலுக்குப் போறேன்" என்றான்.

மாயக்காள் அவனைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே பார்த்தாள். கேசில் மாட்டிய மற்றவர்களின் பெண்டாட்டிகள் தெருவில் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிட்டு வந்த மாதிரி தெரியவில்லை. சீனியம்மாளுக்கு நிறை மாசம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மாயக்காள் அவள் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"எங்க வைக்கணும்?"

அன்றைக்குச் சாயங்காலம் சொசைட்டி வண்டியில் நாலு மூடை யூரியா வந்து வீட்டு வாசலில் இறங்கியது. விலைகூடக் கேட்கவில்லை. வண்டிக்காரன் மூடைகளை உள்ளே கொண்டுபோய்க் கருத்தக்கண்ணன் படுக்கிற மூலையில் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ரெண்டு மூடையில் சாக்கு கிழிந்து புதுச் சணலால் தைத்திருந்தது. சரிந்த மூடைகள்தானா என்று யாரும் கேட்கவில்லை.

மழை விட்டபாடில்லை. யூரியா ஈரக்காற்றை உறிஞ்சும். உள்பை கிழிந்த மூடைகள் ரெண்டு மூணு நாளில் வேர்க்க ஆரம்பித்தன. சாக்கின் மேல் முத்து முத்தாக நீர் பூத்தது. வழிந்து தரையில் ஒரு ஆள் படுத்து எழுந்த மாதிரி ஈரத் தடம் உண்டானது. மூத்திர வாடை மாதிரி ஒரு நெடி வீடு முழுக்க நின்றது. மாயக்காள் காலையில் எழுந்தபோது இருளாயி மகனுடைய துண்டை எடுத்து மூடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த செய்யிறீக அத்த?"

"வேர்க்குது பாரு. அவனுக்குக் குளுருலயும் வேர்க்கும். சின்னதுலருந்தே அப்படித்தான்."

"அது உரம் அத்த."

"தெரியும்த்தா" என்றாள் இருளாயி. துடைப்பதை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் அது தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் துடைப்பாள். துண்டை வாசலில் பிழிவாள். சாயங்காலமும் துடைப்பாள். முத்திருளன் வீட்டுக்குள் படுப்பதையே விட்டுவிட்டான். வயல் கிணற்றடி மோட்டார் ரூமில் போய்ப் படுத்தான். சாப்பாட்டுக்கு வந்தால் வாசலோடு சரி. அந்த மூலைப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டான்.

மாயக்காளுக்கும் அந்த வீட்டில் மூச்சு முட்டியது. உலை வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் மூடைகள்தான். ஒருநாள் சொன்னாள்: "அத்த, மதுரைக்குக் கொண்டுபோயி வித்துருவோம். எந்தக் கடையிலயும் கண்ண மூடிக்கிட்டு வாங்குவாக."

இருளாயி எழுந்தாள். அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"அவன் எதுக்குப் போனான்? விக்கவா போனான்? வயலுக்குன்னு போனவன். அது வயலுக்குத்தான் போகணும். இல்லாட்டி அவன் இங்கயேதான் ஒக்காந்திருப்பான்."

மழை வெறித்த நாள் பார்த்து வயலில் தண்ணீரை வடித்தார்கள். மாயக்காள் முத்திருளனைக் கூப்பிட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான், முடியாது என்று. அந்தப் பக்கத்தில் உரம் வீசுவது ஆம்பளை வேலை. அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வண்டியில் மூடைகளை ஏற்றச் சொல்லி வயலுக்குப் போனாள். வரப்பில் சாக்கை விரித்து, வேப்பம்புண்ணாக்குத் தூளையும் ஈரமண்ணையும் கொட்டி, யூரியாவைச் சேர்த்துக் கையால் கலந்தாள். ஈரம் பட்டதும் யூரியா சில்லிடும். அவளுக்கு அது தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் குளிர்ந்துபோனது. நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது பிடித்துப் பார்த்த கையின் குளிர்ச்சி. அவள் கலப்பதை நிறுத்திவிட்டுக் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

முத்திருளன் வரப்பில் வந்து நின்றான்.

"மதினி, அதுல நீங்க கை வைக்காதீக."

"நீ வைக்க மாட்டேங்குற. நானும் வைக்கக்கூடாதா?"

அவன் உட்கார்ந்தான்.

"அடுக்கு ஒசரமா இருந்துச்சு. மேல எட்டல. பின்னாடி லாரிக்காரய்ங்க தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டிருந்தாய்ங்க. அம்புட்டும் போயிரும்னு எனக்கு ஒரு வெறி. அடியில ஒரு மூடையப் பிடிச்சு உருவுனேன். அண்ணே அந்தப் பக்கம் நின்னாரு."

மாயக்காள் அவனைப் பார்த்தாள்.

"பாத்துட்டாரு. 'டேய், இழுக்காதடா'ன்னாரு. அந்தச் சத்தத்துல காதுல விழலேன்னு ஒங்ககிட்டப் பொய் சொல்லலாம். விழுந்துச்சு மதினி. நல்லா விழுந்துச்சு. நான் இழுத்தேன்."

கொக்கு ஒன்று வயலுக்குள் இறங்கி நடந்தது.

"வண்டியில போகும்போது பேசுனாகளா?"

"தண்ணி கேட்டாரு. மழைத்தண்ணியக் கையில பிடிச்சு ஊத்துனேன். அப்பறம், 'நம்ம மூடைய எடுத்தியாடா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எடுத்துட்டேண்ணேன்னு சொன்னேன்."

"எடுத்தியா?"

"இல்ல."

அவள் எழுந்தாள். கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். வீசத் தெரியாமல் முதலில் ஒரே இடத்தில் விழுந்தது. போகப் போகக் கை பழகியது. பொழுது சாயும் வரைக்கும் வீசினாள். முத்திருளன் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கரையேறி, அவனைத் தாண்டி, வீட்டுக்குப் போனாள். அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெண்டு வாரத்தில் வயல் கருத்தது.

பச்சை என்று சொல்ல முடியாது. சாயங்கால வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ரெண்டு குறுக்கத்தில் மட்டும் முன்னாலேயே இருட்டு இறங்கிவிட்டது மாதிரி இருந்தது. சுற்றிலும் மஞ்சள் வயல்கள், நடுவில் இது. கருத்தக்கண்ணன் வயல் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே பெயர் வந்தது. களை எடுக்க வந்த பெண்கள் கூட்டமாகவே நின்று எடுத்தார்கள். காற்றே இல்லாதபோது பயிர் அசைகிறது என்று அவர்களில் செல்லத்தாய் என்பவள் சொன்னாள். பொழுது விழுந்தபிறகு அந்த வரப்பு வழியாக யாரும் வருவதில்லை, சுற்றிக்கொண்டு வந்தார்கள். நல்லகாமன் தன் வயலுக்குப் போகிற பாதையையே மாற்றிக்கொண்டார்.

மாயக்காள் மட்டும் தினமும் காலையில் போனாள். தோகை ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாள். வீட்டில் அதை நீட்டுவதற்கு ஆளில்லை, வரப்பிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

மாசியில் அறுப்பு. கதிர் கனத்தில் பயிர் படுத்துவிட்டது. அப்படி ஒரு விளைச்சலைக் கண்மாய்ப் பாசனத்தில் யாரும் பார்த்ததில்லை. கூலிக்கு நெல்தான் அளப்பது வழக்கம். களத்தில் குவித்துக் கூலி அளக்க மரக்காலை எடுத்ததும் அறுப்பாட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "மதினி, கோவிச்சுக்கிராதீக. எங்களுக்கு நெல்லா வேணாம்" என்றாள் செல்லத்தாய். மாயக்காளுக்குக் கோபம் வரவில்லை. இருளாயியும் அந்த நெல்லை உலையில் போடச் சம்மதிக்கவில்லை. வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

நெல்லுப்பேட்டையில் முகைதீன் பிச்சை ராவுத்தர் என்கிற வயசான வியாபாரி சாக்கைக் குத்தி ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார், ஊதினார், ஒரு மணியைக் கடித்தார்.

"மாஷா அல்லாஹ். இந்த வருசம் இப்படி மணிய நான் பாக்கலையேம்மா. உரத்துக்கு எல்லாரும் பறக்குறாங்க, ஒங்களுக்கு மட்டும் எங்கருந்து கெடச்சுது? யாரு வெவசாயம்?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் மாயக்காள்.

"அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க. இப்படி ஒரு ஆளப் பாக்கணும்."

அவள் சரி என்றாள். வண்டியில் திரும்பி வரும்போது முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வண்டியோட்டிக்கொண்டிருந்த முத்திருளன் செக்கானூரணி வரும் வரைக்கும் அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பங்குனியில் யூனியன் ஆபீஸ் மைதானத்தில் விழா. மகசூல் போட்டிக்காக அறுப்பு நேரத்தில் ஆபீசர்கள் வந்து அந்த வயலிலும் அளந்துகொண்டு போயிருந்தார்கள். யூனியனிலேயே முதல் பரிசு அதற்குத்தான். கட்சியில் பெரிய ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார் என்று பந்தல் போட்டுத் தோரணம் கட்டினார்கள். நல்லகாமன் வீட்டுக்கு ஆளனுப்பினார். "தாயி வந்து பரிச வாங்கிக்கிட்டு, சொசைட்டி உரம் நேரத்துக்குக் கெடச்சுதுன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். ஏழு குடும்பம் நிம்மதியா இருக்குல்ல, அது கெட்டுறக்கூடாதுல்ல." இருளாயி கிளம்பு என்றாள். மூணு பேரும் பஸ்ஸேறிப் போனார்கள். மாயக்காளும் இருளாயியும் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். முத்திருளன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மைக்கில் பேசிய ஆபீசர் வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். உரத் தட்டுப்பாட்டிலும் நம் சர்க்கார் உழவனைக் கைவிடவில்லை என்றார். மானியம் கடைசி விவசாயி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதற்குச் சாட்சி இந்தப் பரிசு என்றார். பட்டாவில் யார் பெயர் இருந்ததோ அந்தப் பெயரைப் படித்தார்.

"முதல் பரிசு பெறுபவர், பொட்டல்குளம் கருத்தக்கண்ணன். கருத்தக்கண்ணன் அவர்கள் மேடைக்கு வரவும்."

புளியமரத்தில் கட்டியிருந்த மைக்செட் குழாயிலிருந்து அந்தப் பெயர் மைதானத்தைத் தாண்டிப் போனது. பொட்டல்குளத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த பகுதி அப்படியே உறைந்தது. மேடையில் நல்லகாமன் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"கருத்தக்கண்ணன் இருக்காரா? கூச்சப்படாம வாங்க." ஆபீசர் சிரித்தார். "கருத்தக்கண்ணன்!"

இருளாயி தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். யாரோ வரக் காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். மாயக்காளும் திரும்பினாள். அவளுக்கே தெரியாமல் திரும்பினாள்.

முத்திருளன் பந்தக்காலை விட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினான். ஆபீசர் மாலையோடு வந்தார், இவன்தான் அவன் என்று நினைத்துக்கொண்டு. முத்திருளன் மாலையைக் கையால் தடுத்துவிட்டு மைக்கிடம் போனான். எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் வாயை அதன் மேலேயே வைத்துப் பேசினான்.

"எங்கண்ணே வரமாட்டாரு. செத்துப்போனாரு. மூடை எறக்க வந்து சாகல. உரம் வாங்க வந்தாரு. உள்ள அம்புட்டையும் வச்சுக்கிட்டு இல்லேன்னாக. நாங்க கதவ ஒடச்சோம். நான் மூடைய உருவுனேன். அவரு மேல விழுந்துருச்சு. அவர மூடை தூக்க வந்தவருன்னு சொல்லாதீக."

அதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவன் அது தெரியாமல் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ரெண்டு போலீஸ்காரர்கள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள்.

ஜீப்பில் ஏற்றும்போது மாயக்காள் ஓடி வந்தாள். ஒரு போலீஸ்காரர் மறித்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"காலையில சாப்பிட்டியா?"

முத்திருளன் அவளைப் பார்த்தான். அவன் வாய் கோணியது.

"இல்ல மதினி."

"புத்திகெட்டவனே" என்றாள்.

மூடிய கேசைத் திரும்பத் திறந்தார்கள். மற்றவர்களைத் தேடிக்கொண்டு ஊருக்குள் போலீஸ் வந்தது. மூணு பேர் மலைக்குப் போய் ஒளிந்துகொண்டார்கள். கைக்குழந்தையோடு சீனியம்மாள் வாசலில் வந்து நின்று மண்ணை அள்ளித் தூற்றினாள். "ஒம்புருசன் பேரு சுத்தமாகணும்னு எம்புருசன உள்ள தள்ளிட்டீகளே!" என்று கத்தினாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்ததும் சிலர் முத்திருளன் சொன்னதையே சொன்னார்கள். ஆமாம், உள்ளே மூடை இருந்தது, ஆமாம், பின்பக்கம் லாரி நின்றது. சொல்லச் சொல்ல அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நல்லகாமனைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். அவர் மேல் கேசு எதுவும் வரவில்லை. கொஞ்ச நாளில் அடுத்த கட்சியில் சேர்ந்துகொண்டார். கதவை உடைத்ததற்கு ஆறு பேருக்கும் அபராதம். முத்திருளன் எல்லாவற்றையும் தானே ஒத்துக்கொண்டதால் மதுரை ஜெயிலில் சில மாதம் இருந்தான். மாயக்காள் மாசத்துக்கு ஒருமுறை போனாள். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மாட்டைப் பற்றியும் கிணற்று மோட்டாரைப் பற்றியும் பேசினார்கள்.

அவன் திரும்பி வந்தான். அடுத்த கார்த்திகை வந்தது. அதற்குள் சர்க்கார் யூரியா விலையை ஒரேயடியாக ஏறக்குறைய ரெட்டிப்பாக்கியிருந்தது. மதுரைக் கடையில் கள்ளத்தனமாக விற்ற விலைதான் இப்போது சொசைட்டி விலை. தட்டுப்பாடு ஒரே நாளில் தீர்ந்துபோனது. கண்மாயில் தண்ணீர் பாதிதான். உள்ள தண்ணீருக்கு நட்டவர்கள் குப்பையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

மாயக்காள் மாட்டை விற்றிருந்தாள். ஒரு மூடை வாங்குவதற்காக முத்திருளனோடு இரவல் வண்டியில் சொசைட்டிக்குப் போனாள். புதுக்கதவு போட்டிருந்தார்கள். ரெண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. வாசலில் ஒருவருமில்லை, ஒரு நாய் படுத்திருந்தது. உள்ளே போன வருசத்தைவிட உயரமாக, ஓடு தட்டுகிற வரைக்கும் மூடைகள். மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த கிளார்க் எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்கம்மா. எத்தன வேணும்னாலும் எடுத்துக்குங்க. வாங்க ஆளில்ல. தூக்கிவிடவும் ஆளில்ல, நீங்கதான் எறக்கிக்கணும்."

முத்திருளன் வாசல்படிக்கு வெளியே நின்றான். உள்ளே காலை வைக்கவில்லை.

"நீங்க வெளிய வாங்க மதினி. வேற யாரையாச்சும் கூட்டிட்டு வாரேன்."

"யாரக் கூட்டிட்டு வருவ? உள்ள வா."

"என்னால முடியாது."

அவள் நடு அடுக்குக்குக் கிட்டே போனாள். அண்ணாந்து பார்த்தாள். உள்ளே அந்த நெடி அப்படியே இருந்தது. வெளிச்சம் கதவோடு நின்றுவிட்டது, மூலையெல்லாம் இருட்டு. அவள் அந்த இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமோ விடைபெறுகிற மாதிரி தலையை ஒரு தடவை அசைத்தாள்.

"முத்திருளா. ஏறி மேல் மூடைய எடு."

அவன் உள்ளே வந்தான். பக்கவாட்டு அடுக்கில் காலை வைத்து மெல்ல ஏறினான். உச்சிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். நேர் கீழே அவள் நின்றிருந்தாள்.

"தள்ளி நில்லுங்க மதினி."

"எறக்கு."

"மதினி, ஒங்களக் கும்புடுறேன். தள்ளி நில்லுங்க."

மாயக்காள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தோளில் வைத்தாள். அடுக்கில் முதுகைச் சாய்த்துக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். ரெண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"பயப்படாம எறக்குடா. நான் பிடிக்கிறேன்."

முத்திருளன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூடையின் ரெண்டு காதையும் பற்றினான். அங்குலம் அங்குலமாக அதை அவள் கைக்கு இறக்கினான்.